பதினொரு குடைகள்

பேருந்துகளில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களுக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் குடைகளுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவில் ஒரே ஒரு ஆள் இருந்தார். இருபத்து மூன்று வருடம் குடைகளோடு குப்பை கொட்டியதில் அவருடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து போய், எல்லோருக்கும் அவர் குடையார் ஆகிவிட்டார். அதில் 'ஆர்' மட்டும் மரியாதைக்கு.

குடையார் கெட்டவர் இல்லை. யாராவது வந்து, "கறுப்புக் குடை சார், போன வாரம் தொலைச்சேன்" என்றால், இருக்கிற கறுப்புக் குடைகள் முன்னூறையும் காட்டி, வந்தவர் கண்கலங்கும் வரை கூடவே நின்று தேடுவார். ஒவ்வொரு குடையிலும் ஒரு அட்டைத் துண்டு கட்டியிருக்கும். அதில் தேதியும் பேருந்துத் தடமும் குடையாருடைய முத்தான கையெழுத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள்கூட உண்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் கையெழுத்துக்கு வேலை போயிற்று.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, திரைக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்பு டப்பா. டப்பாவில் ஒரு பச்சை விளக்கு. கையிருப்பில் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் அவரவர் இதில் ஏற்ற வேண்டும். நிறம், கைப்பிடி, தடம், கிடைத்த தேதி. எல்லாம் முடிந்த பிறகு 'அனுப்பு' என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் மேலதிகாரி மேடத்துக்குப் போய்ச் சேரும். அதுவரை யார் எவ்வளவு கிழித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. குடையாரிடம் இருந்த குடைகள் அறுநூற்று நாற்பது.

சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேர வகுப்பு வைத்தார்கள். குடையார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, "இதை எப்படி ஆரம்பிக்கிறது?" ஆனால் அதைக் கேட்க முடியாதபடி அவரே தன் வாயைப் பல வருடம் முன்னால் தைத்து வைத்திருந்தார். "என் பொண்ணு இந்த லைன்லதான் இருக்கா. கம்ப்யூட்டர்னா அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று தேநீர் இடைவேளைதோறும் சொல்லியாகிவிட்டது. மகளுக்குத் தெரிந்தது அப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று சகாக்கள் பரம்பரையைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

வீட்டில் மகள் கேட்டாள். "எப்படிப்பா இருக்கு புது சிஸ்டம்?"

"பிரமாதம்."

"ஏதாவது சந்தேகம்னா கேளுங்க."

"எனக்கா!" என்று சிரித்துவிட்டு, அவள் டப்பாவைப் பற்றியும் சர்வரைப் பற்றியும் ஏதோ விளக்கியதற்கெல்லாம் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

அலுவலகத்தில் ஒற்றை விரலால் ஆரம்பித்தார். 'க' கிடைக்கும், 'று' கிடைக்காது. 'று' கிடைக்கும்போது 'க' எங்கேயோ போயிருக்கும். ஒன்பதாவது குடையை எழுதி முடித்துப் பத்தாவதை எழுதினால், ஒன்பது இருந்த இடத்தில் பத்து உட்கார்ந்திருக்கும். திரும்பவும் ஒன்பது. பக்கத்து மேசையில் செருப்புப் பிரிவுக்காரர் பியானோ வாசிக்கிறவர் மாதிரி பத்து விரலும் பறக்க ஒற்றைச் செருப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்கக் குடையாருக்கு இருந்த ஒரு விரலும் மரத்துப்போயிற்று. மூன்று மாத முடிவில் ஏறியிருந்த குடைகள் பதினொன்று. அதிலும் பதினொன்றாவதுக்குக் கைப்பிடி வரைதான் வந்திருந்தது.

வாராவாரம் மேடம் கேட்பார். "குடை எவ்வளவு ஆச்சு?"

"பாதி தாண்டியாச்சு மேடம்."

எதில் பாதி என்று மேடம் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். உரியவர் வராத சாமான்களையெல்லாம் ஏலம் விடப்போகிறார்கள். வியாழக்கிழமைக்குள் பட்டியல் தலைமையகத்துக்குப் போக வேண்டும்.

"குடையாரே, உங்களுதுதான் பெரிய லிஸ்ட். புதன்கிழமையே அனுப்பிடுங்க. முடிஞ்சிடுச்சுல்ல?"

"முடியற கட்டம் மேடம்."

அன்று சாயந்திரம் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். குடையார் பதினொரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கில் மீதித் தேநீர் இருந்தது. டப்பாவின் தலையில் வரிசையாகச் சின்னச் சின்ன துவாரங்கள் இருந்தன. இந்த இரண்டு விஷயங்களும் மூன்று மாதமாக ஒரே மேசையில்தான் இருந்தன. அன்றைக்குத்தான் அவருக்கு அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது.

அவருக்குத் தெரிந்த வரை, மூன்று மாதமாகத் தட்டியதெல்லாம் அந்த டப்பாவின் வயிற்றுக்குள்தான் இருந்தது. டப்பா செத்தால் பட்டியலும் செத்தது. செத்துப்போன பட்டியலில் பதினொன்று இருந்ததா அறுநூற்று நாற்பது இருந்ததா என்று எந்த மகாராஜா வந்து எண்ணப் போகிறார்?

பக்குவமாக, கடையில் ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து இல்லாமல், பிளாஸ்கின் வாயை டப்பாவோடு ஒட்டி வைத்து ஊற்றினார். பச்சை விளக்கு இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்தது. வெளியே வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையைக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். பேருந்தில் நின்றுகொண்டே போனார். பின்னால் ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், "ஐயோ, மிஷின் வரலையே!" என்றார். முதல் நாள் ராத்திரி இதைக் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தார். மூன்றாவது தடவை சொன்னதுதான் இயல்பாக வந்திருந்தது, அதையே சொன்னார்.

எல்லோரும் கூடினார்கள். அவருடைய திட்டத்தில் குற்றவாளி என்று யாரும் கிடையாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மிஷின் போயிற்று, பாவம் குடையார், மூன்று மாத உழைப்பு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும், அவகாசம் கொடுங்கள். இவ்வளவுதான் திட்டம். ஆனால் செருப்புப் பிரிவுக்காரர் டப்பாவைத் தொட்டுவிட்டார்.

"என்னய்யா இது, ஈரமா இருக்கு!"

மோந்தும் பார்த்தார். குடையாருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பதினெட்டு வருடம் பழைய செருப்புகளோடு வாழ்ந்த மூக்கு அது. அதற்குத் தேநீரும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பியது. அங்கே வாளியும் துணியுமாக அக்கா நின்றிருந்தாள். ஏஜென்சியிலிருந்து தினமும் காலையில் வந்து, அலுவலகத்தைத் துடைத்துவிட்டு மதியத்தில் போகிறவள். குடையாரைவிடப் பத்து வயது சின்னவள்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்கா, குடையாருக்கும்.

"உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார் மேடம். "மிஷினை ஈரத்துணியால துடைக்காதீங்கன்னு!"

"நல்லா பிழிஞ்சுதான் மேடம் துடைச்சேன்." அக்கா தன் கையிலிருந்த துணியை ஒருமுறை பிழிந்து பார்த்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. அந்த இரண்டு சொட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போயிற்று. குடையார் பக்கம் திரும்பினாள். "சார், உள்ள தண்ணி போயிருக்குமா?"

இந்த இடத்தில் குடையார் வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"போயிருக்கலாம்."

உற்றுப் பார்த்தால் அதில் பொய்யே இல்லை. அன்றைக்கு முழுக்க அவர் அப்படித்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தச் சொல் அவரைத் திரும்ப உற்றுப் பார்த்தது.

மேடம் ஏஜென்சிக்குப் போன் போட்டார். வியாழக்கிழமையிலிருந்து இந்த அம்மா வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள். கதவு திறந்தே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

மதியம் போல அக்கா குடையாருடைய மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லக்கா."

"மூணு மாசமா நீங்க ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதுனதை நான் பாத்திருக்கேன் சார். வயிறு எரியுது." அவள் அலமாரிகளைக் காட்டினாள். "ஒண்ணு செய்யலாமா? அறுநூத்தி நாப்பது குடையும் எனக்குத் தெரியும். மாசாமாசம் ஒண்ணொண்ணா தூசி தட்டறவ நான்தானே. பூப்போட்டது மூணாவது தட்டு. கம்பி ஒடிஞ்சது அதுக்குப் பக்கத்துல. நான் எடுத்து எடுத்துச் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் வேலை போறது போகட்டும். உங்க பேரு கெடக்கூடாதுல்ல?"

"வேணாம்கா" என்றார் குடையார். அவருடைய குரல் அவருக்கே எங்கேயோ பேருந்தில் விட்டுவிட்டு வந்த சாமான் மாதிரி கேட்டது.

"ராத்திரி எப்படித் தூங்குவீங்களோ, பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. அவள் சொன்ன காரணத்துக்காக இல்லை.

புதன்கிழமை டப்பா மாற்ற ஆள் வந்தது. வழக்கமாக ஒரு தாடிக்காரர் வருவார். அன்றைக்குத் தோளில் பையும் கையில் ஸ்குரூடிரைவருமாக வந்து நின்றது குடையாருடைய மகள்.

"தாடி இன்னைக்கு லீவுப்பா. உங்க ஆபீஸ்னு பாத்ததும் நானே வாங்கிக்கிட்டேன். சொல்லாம வந்து நிக்கலாம்னு." அவளுக்கு ஒரே சிரிப்பு.

"உங்க பொண்ணா!" என்று மேடம் எழுந்தே வந்துவிட்டார். "துடைக்கிற அம்மா உள்ள தண்ணி விட்டுட்டாங்கம்மா" என்று வாசலில் நின்ற அக்காவைக் காட்டினார். செருப்புப் பிரிவுக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "அப்பா கெடுக்கறாரு, பொண்ணு சரி பண்ணுது. நல்ல குடும்பத் தொழில்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். குடையாரும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

மகள் பழைய டப்பாவைக் கழற்றினாள். சாய்த்தபோது உள்ளேயிருந்து இரண்டு சொட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. காவி நிறம். அவள் அதைப் பார்த்தாள். மூக்கு அருகே கொண்டுபோனாள். அவள் எந்தச் செருப்புப் பிரிவிலும் வேலை பார்த்தவள் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போனது போச்சும்மா" என்றார் குடையார் அவசரமாக. "டப்பாவுக்குள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கும். நான் முதல்லேருந்து ஆரம்பிச்சுக்கறேன். நீ புதுசை மாட்டிட்டுக் கிளம்பு."

"டப்பாவுக்குள்ள என்னப்பா இருக்கு?"

"என்னம்மா?"

"டப்பாவுக்குள்ள ஒண்ணுமே கிடையாதுப்பா. டிவி ரிமோட் உடைஞ்சா படம் அழிஞ்சிடுமா? நீங்க இங்க தட்டறதெல்லாம் தூரத்துல சர்வர்ல ஏறுது. அங்க ஏசி ரூம்ல பத்திரமா இருக்கும். இந்த டப்பா அதைக் காட்டும், அவ்வளவுதான். புது டப்பாவுல உள்ள போனா, விட்ட இடத்துல அப்படியே நிக்கும். நான்தான் சொல்லியிருக்கேனே? தலையாட்டுனீங்களே?"

"அப்போ லிஸ்ட் போகலையா?" என்று மேடம் கத்தியேவிட்டார்.

"எதுவும் போகாது மேடம்."

அலுவலகமே கை தட்டியது. வாசலில் நின்றிருந்த அக்கா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஒரு மனிதருக்குப் பொது இடத்தில் இவ்வளவு நல்ல செய்தி சொல்லப்பட்டு, அவர் இப்படி வியர்த்தது அந்த அலுவலகத்தில் அதுவே முதல் தடவை.

"அவங்க கொஞ்சம் வேலை பாக்கட்டும், வாங்க" என்று மேடம் எல்லோரையும் விரட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். புது டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாஸ்வேர்ட் சொல்லுங்கப்பா."

குடையார் தரையைப் பார்த்தார். "உன் பேருதான்."

மகள் ஒரு விநாடி நிறுத்தினாள். பிறகு தட்டினாள்.

விட்ட இடத்தில் அப்படியே நின்றது. பதினொரு வரிகள். கடைசி வரியில் 'கறுப்பு', 'வளைந்த கை'. கைப்பிடி என்று முடிவதற்குள் அவர் பிளாஸ்கைத் திறந்திருந்தார். கீழே சின்ன எழுத்தில், திங்கட்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டதாகவும், தொடரலாமா என்றும் அந்தத் திரை மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மகள் கீழே நகர்த்திப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி காலி. அறுநூற்று நாற்பதாவது வரியும் காலி. மேலே வந்தாள். இன்னொரு தடவை கீழே போனாள். தன் கண்ணில்தான் கோளாறோ என்பது போல.

குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "அந்தம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"

"காலையில."

"சாயந்திரம்?"

குடையார் பிளாஸ்கை மேசைக்கு அடியில் தள்ளினார்.

அவள் குழந்தையாக இருந்தபோது எதையாவது உடைத்துவிட்டு ஒளிந்துகொள்வாள். அப்போது குடையார் அவளைத் தேடிப் பிடித்து, அடிக்காமல், திட்டாமல், முகத்தை மட்டும் உற்றுப் பார்ப்பார். இப்போது அதே பார்வையை அவள் பார்த்தாள். அவரிடமிருந்து வாங்கி வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

"எல்லாம் இருக்காம்மா?" என்று மேடம் தன் இடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"என்ன இருந்துச்சோ அது அப்படியே இருக்கு மேடம்" என்றாள் மகள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வண்டியில ஒரு கேபிள் இருக்கு. எடுத்துட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம் ஆகும்பா."

எல்லாக் கேபிளும் மாட்டித்தான் இருந்தது. அது குடையாருக்குக்கூடத் தெரிந்தது.

அவள் போனதும் அக்கா உள்ளே வந்தாள். "எல்லாம் இருக்காமே சார்! இப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. நாளையிலேருந்து நான் வரமாட்டேன், அது வேற. மிஷினைக் கெடுத்தது கெடுத்ததுதானே, மேடம் மேல தப்பில்ல. ஆனா உங்க உழைப்பு வீணாப்போகல பாருங்க." சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில், துணியால் அவருடைய மேசை விளிம்பைத் துடைக்கப் போனாள். பாதியில் நினைவு வந்து, சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கை பின்னால் போன விதம்தான். மற்ற எதையும் குடையார் எப்படியோ சமாளித்திருப்பார்.

எழுந்து மேடத்தின் அறை வாசலுக்குப் போனார். பத்தடி தூரம்தான்.

"மேடம், அக்கா மேல தப்பு இல்ல. டீ. நான்தான்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷி; உடனே முகம் இளகியது. "அட, கைதவறிக் கொட்டிடுச்சா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே குடையாரே! இதுல என்ன இருக்கு?"

வாசல் கதவை இவ்வளவு அகலமாக யாரும் திறந்து வைத்ததில்லை. "ஆமாம் மேடம்" என்றால் போதும். அக்காவுக்கு வேலை இருக்கும். இவருக்கு மானம் இருக்கும். பின்னால் செருப்புப் பிரிவுக்காரரின் பத்து விரலும் நின்றுபோயிருந்தது கேட்டது. குடையார் வாயைத் திறந்தார். "ஆமாம்" நுனி நாக்குக்கே வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவர் சொன்னதெல்லாம் இந்த மாதிரிச் சொற்கள்தான். அவற்றின் ருசி அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"கைதவறல. தெரிஞ்சு ஊத்தினேன்."

"தெரிஞ்சு ஊத்துனீங்களா? எதுக்கு?"

"லிஸ்ட்டுல பதினொண்ணுதான் இருக்கு."

"பதினொண்ணு பாக்கியா?"

"ஆனதே பதினொண்ணுதான் மேடம். எனக்கு இது தெரியாது. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே யாரையும் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. செருப்புப் பிரிவுக்காரர்கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை என்று குடையாருக்கு இருந்தது.

மேடம் வெகு நேரம் மேசைமேலிருந்த பேனாவை நேராக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஏஜென்சிக்குப் போன் செய்து, ஆளை மாற்ற வேண்டாம், தவறு எங்கள் பக்கம் என்றார். "லிஸ்ட்டுக்கு அவகாசம் கேக்கணும். உங்களைப் பத்தியும் மேல எழுதித்தான் ஆகணும் குடையாரே" என்றார். "எழுதுங்க மேடம்" என்றார் இவர்.

திரும்பினால் அக்கா அங்கேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை.

"நேத்து ராத்திரி பூரா அந்தத் துணியைப் பிழிஞ்சேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன் சார்" என்றாள். "என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

அவரிடமிருந்து பதில் எதையும் எதிர்பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மகள் கேபிள் இல்லாமல் வந்தாள். அலுவலகத்தின் அமைதியே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பழைய டப்பாவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"பாஸ்வேர்டை மாத்திடுங்கப்பா" என்றாள்.

இதை அவள் முன்னாலும் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். சொந்தக்காரங்க பேரை வைக்கக்கூடாது, பாதுகாப்பு இல்லை என்று. இந்தத் தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை.

"எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் குடையார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இங்க அழுத்துங்க. இல்ல, அது இல்ல. பக்கத்துல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் குடையார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். செருப்புப் பிரிவு மேசையைத் துடைத்தாள், பைகள் பிரிவு மேசையைத் துடைத்தாள், மேடத்தின் அறைக்குப் போய் வந்தாள். குடையாருடைய மேசைக்கு வந்ததும், வழியில் ஒரு தூண் இருப்பது போலச் சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

மேசையில் ஒரு நாள் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. குடையார் கைக்குட்டையை எடுத்தார். அதில் தேநீர்க் கறை அப்படியே இருந்தது. வீட்டில் துவைக்கப் போட அவருக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. அதை மடித்து, கறை உள்பக்கம் போகிற மாதிரி வைத்து, மேசையைத் துடைத்தார். டப்பாவைத் தொடவில்லை. அப்புறம் மூன்றாவது தட்டிலிருந்து பூப்போட்ட குடையை எடுத்து வந்து எதிரே வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது வரியில், 'பூ' எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.